என் எடைக்குப் போட்ட ரோலர்கள்

புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் சின்ன ஸ்கூட்டருக்கு என்று ஓர் இடம் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தார், அதற்கப்புறம் மண், அதற்கப்புறம் முள். பின்னால் வரும் பஸ் ஹார்ன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டும். நான் வருடக் கணக்கில் இறங்கினேன். போகும்போதும் இறங்கினேன், வரும்போதும் இறங்கினேன். அந்தச் சாலையில் எந்தெந்த இடத்தில் மண் கெட்டியாக இருக்கும், எங்கே சக்கரம் புதையும் என்பது எனக்கு மனப்பாடம். அது ஒரு பெண்மணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை.

அந்தச் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில், மெக்கானிக்கல் பட்டறையின் ஸ்டோர் என் பொறுப்பு. மாணவர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, துடைத்து அதனதன் இடத்தில் வைப்பது. வீடு நாராயணவனத்துக்குப் பக்கத்தில். கணவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். அவரைக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே ஏற்றிக்கொள்ளும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. புத்தூர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மனசு வந்தால் நிற்கிற ஒரு பஸ். அதை நம்பினால் பாதி நாள் தாமதம். ஸ்கூட்டர் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இது என் கணவருக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் வண்டியில் சின்னக் கோளாறு வந்தாலும் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "வேலைய உட்டுட்டு ஊட்ல இரும்மே. யாரு உன்னை ஓடச் சொன்னது?"

ஒரு மழைக்காலத்தில், காலையில், பின்னால் ஒரு லாரி வந்தது. மண் சேறாகிக் கிடந்தது. இறங்கினால் விழுவேன் என்று தெரிந்தது. இறங்காமல் ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினேன். வண்டி கத்தியதே தவிர வேகம் கூடவில்லை. லாரி என் பக்கத்தில் வந்து மெதுவாகியது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எறங்கித் தள்ளிக்கினு போனா இன்னும் சீக்கிரம் போலாமே!" கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார். பிறகு போகிற போக்கில் சக்கரத்துத் தண்ணீரை என் சேலை முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள்.

ஸ்டோரில் மற்றொரு சேலை வைத்திருப்பேன். மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். துடைத்து வைத்த ஸ்பேனர்களையே மதியம் வரை திரும்பத் திரும்பத் துடைத்தேன். அது பயத்தால் இல்லை.

அன்று மாலையே புத்தூரில் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். வண்டிக்கு இழுவை போதவில்லை, வேகமும் போதவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"லேடீஸ் வண்டிம்மா இது. இதுக்கு இன்னா ஸ்பீடு? மெல்லமா ஓரமா போங்க."

"ஓரத்துல இடம் இல்லன்னுதான் கேக்கறேன்."

"சாரை ஒரு வாட்டி வரச் சொல்லுங்கம்மா. நாங்க பேசிக்கறோம்."

"சாருக்கு இதுல என்ன? வண்டி என்னுது. ஓட்டுறவ நான்."

"சரிம்மா, சரி. சாரை வரச் சொல்லுங்க."

அந்தக் கடையிலிருந்து வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டேன், நானே பிரிப்பேன் என்று. கோபத்தில் தொடங்கிய வேலைதான். கை மட்டும் நிதானமாக இருந்தது. எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாற்றம்தான். ஒன்றைச் செய்த பிறகு அதே சாலையில், அதே இரண்டு மைல்கற்களுக்கு நடுவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வைக்க வேண்டும். சிலிண்டரின் அளவில் கைவைக்கக் கூடாது, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் சி.சி. பொய்யாகக் கூடாது. பிரேக்கைச் சரி செய்யாமல் என்ஜினைத் தொடக் கூடாது. ஆகவே முதல் ஞாயிறு முழுக்க பிரேக்குக்கே போனது.

இரண்டாவது ஞாயிறு என்ஜினின் ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டரின் மேல் மூடி போல உட்காரும் பாகம் அது. அதன் அடிப்பரப்பைச் சிறிதளவு தேய்த்தால் உள்ளே இடம் குறையும். பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுக்கமாக அமுங்கி எரியும். வண்டிக்கு இழுவை கூடும். கல்லூரி இயந்திரத்தில் அதை ஐந்து நிமிடத்தில் செய்திருக்கலாம். ஆனால் அது கல்லூரியின் இயந்திரம். தேய்க்கச் சமதளமான ஒரு பரப்பு வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது டீப்பாயின் கண்ணாடி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் துணி துவைக்கும் மேடையில் வைத்து, மேலே இரும்பு தேய்க்கும் எமரி தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தேன். நாலு சுற்றுக்கு ஒரு முறை ஹெட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அதிகம் தேயும்.

என் கொழுந்தன் எங்கள் காம்பவுண்டிலேயே பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கிறான். பிளாட் வாங்கி விற்கும் தொழில். பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான்.

"இன்னா அண்ணி, தோசை ஊத்தறீங்களா?"

"ஆமாம் தம்பி. ஒண்ணு போடட்டா?"

"வேணாம் வேணாம், எண்ண ஜாஸ்தியாக்கீது." பிறகு தெருப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "எங்க அண்ணி ரேஸுக்குப் போறாங்கப்பா! கப்பு வாங்கினு வருவாங்க, வைக்க எடம் பண்ணுங்க!"

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவி, என் ஓரகத்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அது கேலிதான், விட்டுவிடலாம். இந்தக் கேலியை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் அந்தக் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து தேய்த்ததை அவன் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். அதை அவன் மறந்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் புகை வெளியேறும் துவாரத்தின் உள்பக்கத்து மேடு பள்ளங்களைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை ஓர் அளவு பெரியதாக மாற்றினேன். கடைசியாக ரோலர்களுக்கு வந்தேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கியரின் வேலையைச் செய்வது ஒரு பெல்ட். அந்தப் பெல்ட்டை நகர்த்துவது என்ஜின் பக்கத்துச் சக்கரத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருளைகள். ரோலர் என்பார்கள். அவை லேசாக இருந்தால் வண்டி மேட்டில் நன்றாக இழுக்கும், சமதளத்தில் கத்திக்கொண்டே நிற்கும். கனமாக இருந்தால் சமதளத்தில் பறக்கும், மேட்டில் திணறும். இதில் எல்லோருக்கும் பொதுவான எடை என்று ஒன்று கிடையாது. ஓட்டுபவர் எவ்வளவு கனம், எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. என் சாலை சமதளம். என் கனத்தைத் தெரிந்துகொள்ள, சாப்பாட்டுப் பை, மழைக்கோட்டு எல்லாவற்றோடும் ரைஸ் மில்லின் தராசில் ஏறி நின்றேன்.

எடை போடுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டார்: "நெல்லா, அரிசியா?"

"ஆள்."

அப்புறம்தான் நிமிர்ந்தார். "தவிடும்மா. இவ்ளோ லேசா இருக்கிறது தவிடுதான்."

கனமான ரோலர் மூன்றும் அதைவிடச் சிறிது லேசான மூன்றும் வாங்கி, நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒன்று விட்டு ஒன்றாக வைத்தேன். முதல் முறை சரியாக வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. பொருத்தமான எடை அமைந்த ஞாயிறு, நான் குறித்து வைத்திருந்த இரண்டு மைல்கற்களுக்கு நடுவில் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கத்தல் இல்லை. ஒரே சீரான சத்தம்.

மறுநாள் காலை பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. நான் மண்ணில் இறங்கவில்லை. முறுக்கினேன். பஸ் பின்னாலேயே வந்தது, மறுபடி ஹார்ன் அடிக்கவில்லை, எதிரே சாலை காலியானதும் என்னைச் சுற்றிக்கொண்டு ஒழுங்காகப் போனது, மற்ற வண்டிகளைத் தாண்டுவது போல. இவ்வளவுதான் நான் கேட்டது.

இரண்டு வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் மாலை கொழுந்தன் தன் பைக்கில் காற்று இல்லை என்று என் வண்டியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பி வந்து இறங்கியவன் கண்ணைப் பார்க்க வேண்டுமே. "அண்ணி! இன்னா இது? ராக்கெட்டு மாதிரி போவுது!" எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதி கேட்டான்.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவன் ஊர் முழுக்கச் சொன்னது எனக்குத் தெரிய வந்தது மெக்கானிக் கடையில். டியூப் மாற்றப் போயிருந்தேன். மெக்கானிக் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்றார். "உங்க மரிதி சூப்பரா செஞ்சிருக்காரும்மா. நேத்து வந்து எல்லாம் சொன்னாரு. ஹெட்ட தேச்சாராம், ஜெட்ட மாத்தினாராம். எங்கம்மா கத்துக்கினாரு?" மரிதி என்றால் தெலுங்கில் கணவனின் தம்பி. அதே கடை. அதே மனிதர். என்னிடம் சாரை வரச் சொன்னவர்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"ஆமாம்மா, வீட்ல எல்லாரும் சேர்ந்துதானே" என்றார்.

அடுத்தது ஒரு கிருஹப்பிரவேசம். நாத்தனாரின் புது வீடு. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாயச வாளியோடு நின்றிருந்தேன். யாரோ என் கணவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி கை வச்சான். பைக்குங்கள எல்லாம் தாண்டிக்கினு போவுது." கொழுந்தன் அடக்கமாகத் தலையை ஆட்டினான். "சும்மா பொழுது போவலன்னு பண்ணதுண்ணா." நான் அவன் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றினேன். அவ்வளவுதான் அங்கே என்னால் முடிந்தது. இப்போது நினைத்தாலும் அந்த வாளியை என்ன செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "நான் செஞ்சது உங்களுக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அதுல இன்னா இப்போ? யாரு செஞ்சா இன்னா, வண்டி ஓடுதில்ல?"

"அப்போ நான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாமே. யார் செஞ்சா என்னன்னா, அதுவும் ஒண்ணுதானே."

"பொம்பள பேர்ல சொன்னா நாலு பேரு நம்புவானா? சிரிப்பானுங்க." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

அவருக்குத் தூக்கம் வந்தது.

கொழுந்தனின் கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருமலையில் முடி காணிக்கை வேண்டுதல். கூடவே தொழில் கூட்டாளிகள் சிலர் பைக்கில் வருகிறார்கள். அவர்களிடம் இவன் சவால் விட்டிருக்கிறான், ஒரு லேடீஸ் வண்டியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் மலைமேல் நிற்பேன் என்று. முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் சாவி கேட்டு வந்தான். ஓரகத்தி அங்கேயே முற்றத்தில் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தர மாட்டேன் தம்பி. இது ரெண்டு பேரோட மலை ஏறாது. ரோலருங்க என் எடைக்குப் போட்டது, ரோடு மட்டமா இருந்தாத்தான் சரி. மேட்டுல பெல்ட் வழுக்கும், சூடாகிப் பிச்சுக்கும்."

"எடையா? நான் இன்னா நெல்லு மூட்டையா? பயப்படாதீங்க அண்ணி. வண்டி எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னா சொல்லு. உள்ள ரோலர் எத்தனை?"

"எத்தினி இருந்தா இன்னா, சுத்துனா சரி."

"அதுவும் இல்லாம, மலை ரோட்டுல ஸ்பீடா போயி என்ன பண்ணப் போற? கீழ கேட்ல நேரம் குறிச்சு சீட்டு தருவாங்க, அந்த நேரத்துக்கு முன்னாடி மேல போனா அங்க கேட்ல நிறுத்துவாங்க."

"தெரியும். அதனால இன்னா? கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு மரத்தடியில உக்காந்துக்கினு இருப்பேன். அவனுங்க வந்து பாப்பானுங்க. நம்ப பசங்க எல்லாம் அப்படித்தான் பண்றானுங்க."

இதை நினைக்க நினைக்க இன்றும் எரிகிறது. வேகத்துக்கு ஒரு பயனும் இல்லாத சாலை அது. முன்னால் போனவனும் நிழலில் உட்கார்ந்து நேரத்தைக் கழிக்க வேண்டும், பின்னால் வந்தவனும் சேர்ந்துகொள்வான். எனக்கு வேகம் தேவைப்பட்டது லாரிக்கு அடியில் போகாமல் வேலைக்குப் போய்ச் சேர. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் மரத்தடியில் உட்காரப் பார்த்தான்.

சாவி என் பையில் பத்திரமாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் வண்டி இல்லை. இரண்டாவது சாவி அலமாரியில் கணவரின் இழுப்பறையில் இருக்கும். அவரிடம் கேட்டேன்.

"தம்பி கேட்டான், குடுத்தேன். ஒரு நாளுதானே. உன் வண்டிய துன்னுடுவானா?"

"நான் தர மாட்டேன்னு சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாது. என்கிட்ட சொன்னியா?"

நான் குளித்து முடிப்பதற்குள் போன் வந்தது. கொழுந்தன். எனக்கு வந்த அழைப்பு, வணக்கமும் இல்லை ஒன்றும் இல்லை.

"இன்னா அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க வண்டிய?"

மேலே போகும் சாலையில் பாதி தூரத்தில் கருகல் நாற்றம் வந்து, பெல்ட் அறுந்து, வண்டி நின்றுவிட்டது. அந்தச் சாலை ஏறுவதற்கு மட்டுமானது, ஒருவழி. திருப்பிக் கீழே உருட்டவும் முடியாது. அவனும் பட்டுப்புடவையில் அவன் மனைவியும் ஒரு வளைவு வரை தள்ளியிருக்கிறார்கள். பிறகு சாமான் ஏற்றிக்கொண்டு மேலே போன ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு அவர்களையும் வண்டியையும் ஏற்றி மேலே கொண்டு விட்டிருக்கிறார். கூட்டாளிகள் எல்லோரும் ஒவ்வொருவராக ஹார்ன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போனை வைத்ததும் கணவர் சொன்னார்: "நீ கை வச்சதாலதான் இதெல்லாம். கம்பெனிக்காரன் முட்டாளா? இருந்தபடி உட்டிருந்தா ஓடிக்கினு இருந்திருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். ஓடியவரை அது தம்பி செய்த என்ஜின். நின்றவுடன் அது நான் செய்த என்ஜின். இரண்டுக்கும் நடுவில் ஒரு போன் அழைப்பு. நான் அந்த ஞாயிறு மூன்று வாக்கியத்துக்கு மேல் அவரிடம் பேசவில்லை. மூன்றும் இங்கே எழுதத் தகாதவை.

வண்டி மேலே கிடந்தால் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக முடியாது. ஸ்பேர் பெல்ட், ஸ்பேனர்கள், சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்க நானே வளைத்துச் செய்த இரும்புப் பட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். மலையடிவாரத்தில் அலிபிரி சாவடியில் எல்லோருடைய பையும் சோதனைக்குப் போகும். என் பை திரையில் தெரிந்ததும் அங்கிருந்த காவலர் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏந்தம்மா இதி?" இது என்னம்மா என்றாள் பட்டையைத் தூக்கிக்காட்டி.

தெலுங்கில் விளக்கினேன். மேலே வண்டி நின்றுவிட்டது, பெல்ட் மாற்றப் போகிறேன்.

"நுவ்வா?" நீயா என்றாள்.

நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையை மூடிக் கொடுத்தாள். வரிசையில் இருந்த மொத்தப் பெண்களும் பார்த்தார்கள்.

மேலே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் வண்டி சாய்ந்து கிடந்தது. கொழுந்தன் மொட்டையடித்துச் சந்தனம் பூசி நின்றிருந்தான். வண்டி கெட்ட நேரத்தில் அதையாவது முடித்திருக்கிறான். ஓரகத்தி தள்ளி ஒரு சிமெண்ட் கட்டையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புடவைக் கரையில் கிரீஸ். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கவரைக் கழற்றினேன். உள்ளே பெல்ட் நார் நாராகக் கிடந்தது. கிளட்ச் கட்டைகள் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தன, அப்படி இருந்தால் பிடிக்காமல் வழுக்கும். எமரி தாளால் தேய்த்தேன். அறுந்த பெல்ட்டின் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது.

குடும்பத்தோடு வந்த ஒருவர் கொழுந்தனிடம் தெலுங்கில் கேட்டார், இந்த அம்மா மெக்கானிக்கா என்று.

"மா வதின" என்றான். எங்கள் அண்ணி. பிறகு தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சேர்த்தான்: "அந்தா ஆவிடே சேசிந்தி." எல்லாம் இவர் செய்ததுதான்.

எத்தனையோ வாரமாக அவன் வாயிலிருந்து வராத உண்மை, குற்றச்சாட்டாக வந்தது. நான் நிமிர்ந்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது.

"அதையே ஊர்ல சொல்லு தம்பி. டீக்கடையில சொல்லு. மெக்கானிக்கிட்ட சொல்லு. பந்தியில சொல்லு. இங்க யாரோ தெரியாதவர்கிட்ட சொல்றதுக்கு உனக்கு வாய் வருதில்ல?"

"கோயிலாண்ட சத்தம் போடாதீங்க அண்ணி."

"கோயிலாண்டதான் நீ பொய் சொல்லாம இருக்கிற."

புது பெல்ட்டை மாட்டிக் கவரை மூடினேன். அவர்கள் இருவரையும் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, நான் மட்டும் வண்டியில் இறங்கும் சாலையில் கீழே வந்தேன். மெதுவாகத்தான் வந்தேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒரே பேச்சு. வண்டியைப் பழையபடி மாற்றிவிட வேண்டும், ஆபத்து. இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். விற்றுவிட்டால் உனக்கும் ஓய்வாக இருக்கும். என் கணவர் இதை நல்ல குரலில் சொல்லுவார், அக்கறை போலத் தொனிக்கும். அவர் வேலையை விடு என்று நேராகச் சொன்னபோதாவது என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு காலை என்னைக் கேட்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். பழைய பாகங்கள் இருந்த பெட்டியை அவரே எடுத்து வெளியே வைத்தார்.

நான் போய் வண்டியின் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டாண்டு போட்ட வண்டியில், வீட்டு முற்றத்தில், காலை ஊன்றிக்கொண்டு.

"எறங்கு. அவரு வேலைய பாக்கட்டும்" என்றார் கணவர்.

நான் இறங்கவில்லை.

"பாருப்பா" என்று மெக்கானிக்கிடம் திரும்பினார். "மலை ஏறாதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தம்பி எடுத்துக்கினு போயிருப்பானா? சொல்லல. இப்போ எல்லார் மேலயும் கோவம்."

கொழுந்தன் தன் வாசலில் நின்று, சொல்லவில்லைதான் என்பது போலத் தலையசைத்தான். அவன் பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது.

"சொன்னாங்க. நான்தான் இஸ்திரி போட்டுக்கினு இருந்தேனே. பெல்ட்டு பிச்சுக்கும்னு அக்கா சொன்னாங்க."

"நீ உள்ள போ" என்றான் கொழுந்தன்.

"போறேன். பட்டுப்பொடவைய கட்டிக்கினு அந்த வெயில்ல பின்னாடி நின்னு தள்ளுனது நானு. நீ ஹேண்டில புடிச்சிக்கினு முன்னாடி நடந்த. அதையும் சொல்லிட்டுப் போறேன்." சொல்லிவிட்டு உண்மையிலேயே உள்ளே போனாள். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

மெக்கானிக் தன் பையின் வாரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், வண்டி யாரு பேர்ல இருக்குது?"

"அவ பேர்லதான்" என்றார் கணவர் கொஞ்சம் தாமதித்து.

"அப்ப மேடம் சொன்னாதான் சார் நான் கை வைக்க முடியும். பேசி முடிச்சிட்டு கூப்பிடுங்க." அவர் எனக்கு மரியாதை கொடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு குடும்பச் சண்டையிலிருந்து நழுவிப் போனார். போனது எனக்குப் போதும்.

அவர் பைக்கின் சத்தம் தெருமுனையில் திரும்பும் வரை சீட்டிலேயே இருந்தேன். பிறகு இறங்கி, பழைய பாகங்களின் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அலமாரியைத் திறந்து கணவரின் இழுப்பறையில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்து, என் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தேன். அவர் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

இன்றுவரை அவரோ அவர் தம்பியோ அந்த வண்டியை யார் செய்தது என்று வெளியே ஒருவரிடமும் திருத்திச் சொல்லவில்லை. டீக்கடையில் இப்போது அதைப் பற்றிய பேச்சே கிடையாதாம். தவறு என்றால் அது என் தவறு, சாதனை என்றால் அவனுடைய சாதனை, இரண்டும் இல்லையென்றால் மௌனம். என் கோபம் அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகிறேன், தாரின் மேலேயே போகிறேன்.

அன்று கதவில் சாய்ந்து நின்றவர் என் கையில் இருந்த வளையத்தைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டையும் நீயே வச்சிக்கினா எப்படி? ஊட்ல ஒரு அவசரம்னா?"

"கேளுங்க. குடுக்கறதா வேணாமான்னு அப்ப யோசிக்கிறேன்" என்றேன்.